1984 நாவலில் வின்ஸ்டன் ஸ்மித் உண்மையில் எதிர்த்தாரா? ஒரு புரூஃப் ரீடரின் சந்தேகம்

சிவப்பு மை

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி ஒன்றுதான், ஆனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 58. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். இப்போது எல்லாம் டிடிபி, கணினியில் பக்கம் கோப்பது. காலண்டர், டைரி, கைடு, கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விட்டுவைத்ததில்லை. மாதக் கடைசி ஞாயிறு ஏழெட்டுப் பேர் கூடிப் புத்தகம் பேசுவோம். போன மாதம் ஜார்ஜ் ஆர்வெலின் 1984. ஒரே கட்சி எல்லாரையும் வேவு பார்த்து ஆளும் ஓஷியானியா என்ற கற்பனை நாட்டில், வின்ஸ்டன் ஸ்மித் என்ற கட்சி ஊழியரின் கதை. மகளின் கல்லூரிப் பிரதியை எடுத்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்து முடிக்க எனக்கு 2 மாதம் ஆனது.

கூட்டத்துக்குப் புதிதாக வந்த ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள்: "இந்த ஆளை ஏன் எல்லாரும் கலகக்காரன் என்கிறீர்கள்? புத்தகம் முழுக்க இவர் செய்தது என்ன? டைரி எழுதினார். காதலித்தார். எதிரியின் வீட்டுக்குத் தானே நடந்துபோய் வாக்குமூலம் கொடுத்தார். இதில் எதிர்ப்பு எங்கே இருக்கிறது?"

வழக்கமாக எங்கள் கூட்டத்தில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் இரண்டு பேர் ஆரம்பித்துவிடுவார்கள். அன்றைக்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. டீ வந்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்கு மட்டும் அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. காரணம் என் தொழில்.

பழைய பத்திரிகைகளைக் கட்சிக்கு ஏற்றபடி மாற்றுவதற்கென்றே இருக்கும் உண்மை அமைச்சகத்தில் வின்ஸ்டன் பார்ப்பது கிட்டத்தட்ட என் வேலைதான். முதல் பாகம் நான்காம் அத்தியாயத்தில் அவர் மேசையை ஆர்வெல் விவரிக்கிறார். துண்டுச் சீட்டு வர ஒரு சின்னக் குழாய், பழைய பத்திரிகை வர ஒரு பெரிய குழாய், கழிவுத்தாளைப் போட கம்பி வலை மூடிய ஒரு வாய். அந்த வாய்க்குப் பெயர் நினைவுக் குழி. உள்ளே போட்டால் அடியில் இருக்கும் உலைக்குப் போய்விடும். சீட்டில் "இந்தத் தேதி இதழில் இது தவறு, சரி செய்யவும்" என்று இருக்கும். பொய் எழுது என்று யாரும் சொல்வதில்லை. அச்சுப்பிழை, தவறான மேற்கோள் என்றுதான் சொல்வார்கள். இந்தப் பாஷை எனக்கு நன்றாகவே தெரியும்.

நாவலில் அவர் செய்யும் முதல் திருத்தம் எதைப் பற்றித் தெரியுமா? தென்னிந்தியாவைப் பற்றி. தென்னிந்தியப் போர்முனை அமைதியாக இருக்கும், எதிரி வட ஆப்பிரிக்காவில்தான் தாக்குவான் என்று கட்சித் தலைவர் பெரியண்ணன் பேசியதாக மார்ச் 17ஆம் தேதி டைம்ஸில் வந்திருக்கிறது. எதிரி அடித்ததோ தென்னிந்தியாவில். ஆகவே பெரியண்ணன் அதை முன்கூட்டியே சொன்னதுபோல் பழைய இதழை மாற்ற வேண்டும். மலபார் போர்முனை வெற்றிச் செய்தியும் உண்டு. அது முடிந்த கையோடு சாக்லேட் ரேஷனை 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைக்கிறார்கள். டான்ஜியர், பிரஸ்ஸாவில், டார்வின், ஹாங்காங் நான்கையும் மூலைகளாக வைத்து ஒரு நாற்கரம் போட்டு, மூன்று வல்லரசுகளும் ஓயாமல் பிடுங்கிக்கொள்ளும் பூமி அது என்கிறார் ஆர்வெல். மகளின் பள்ளிக்கூட அட்லஸில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். நம் ஊர் உள்ளே வருகிறது. லண்டனில் உட்கார்ந்து ஒருவர் திருத்துகிற வரியில் நாம் இருக்கிறோம். சரி, இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்புறம் பூட்ஸ் கணக்கு. 14.5 கோடி ஜோடி தயாராகும் என்று மதிப்பீடு. தயாரானது 6.2 கோடி என்று சொல்கிறார்கள். வின்ஸ்டன் மதிப்பீட்டை 5.7 கோடியாக்குகிறார். இலக்கைத் தாண்டிவிட்டது என்று வழக்கம்போல் பீற்றிக்கொள்ளலாம். பூட்ஸே தயாராகாமல் இருந்திருக்கவும் கூடும், நாட்டில் பாதிப்பேர் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள் என்று அவருக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்கிறார்.

என்னை உலுக்கியது இதுகூட இல்லை. வின்ஸ்டனின் வாழ்க்கையில் பெரிய இன்பம் அவர் வேலைதான் என்று ஆர்வெல் பட்டவர்த்தனமாக எழுதியிருக்கிறார். கடினமான திருத்தம் வந்தால் தன்னை மறந்துவிடுவாராம். ஒருநாள் ஓகில்வி என்று உலகத்திலேயே இல்லாத ஒரு தோழரைப் படைக்கிறார். 3 வயதில் மத்தளம், இயந்திரத் துப்பாக்கி, பொம்மை ஹெலிகாப்டர் தவிர வேறு பொம்மையைத் தொடாத குழந்தை. 11 வயதில் மாமனைப் போலீஸில் காட்டிக்கொடுத்த பையன். 23 வயதில் இந்தியப் பெருங்கடலில் குதித்து வீரமரணம். அனுபவித்துத்தான் எழுதியிருக்கிறார் மனுஷன்.

அப்புறம் வெறுப்பு வாரம். மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரி நாடு மாறிவிடுகிறது. யூரேஷியா நண்பன், ஈஸ்ட்டேஷியா எதிரி; எப்போதுமே அப்படித்தான். ஐந்து வருஷத்துப் பத்திரிகை, புத்தகம், படம் எல்லாவற்றையும் உடனே திருத்த வேண்டும். வின்ஸ்டன் 5 நாளில் 90 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கிறார். இதற்கு முன்பே அவர், தன்னைப்போல் எதிர்ப்பாளர் என்று நம்பிய கட்சி அதிகாரி ஓ'பிரையன் வீட்டுக்குப் போய், கட்சியைக் கவிழ்க்கும் சகோதரத்துவம் என்ற ரகசிய இயக்கத்தில் சேர்ந்தாயிற்று. பின்னால் அவரைச் சித்திரவதை செய்வதும் அதே ஓ'பிரையன்தான். கட்சியின் பரம எதிரி எனப்படும் கோல்ட்ஸ்டைனின் தடை செய்யப்பட்ட புத்தகம் இருக்கும் பை அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவில் இருக்கிறது. மேலே கை பொய்யைத் திருத்திக்கொண்டிருக்கிறது. அந்தப் போலி வேலை பிசிறில்லாமல் வர வேண்டுமே என்று மற்றவர்களைப்போல அவரும் தவிக்கிறார். ஒரே ஒரு பிழையையாவது வேண்டுமென்றே விட்டாரா? தேடிப் பார்த்தேன். இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு கோயில் கும்பாபிஷேக மலர் அச்சடித்தோம். திருப்பணிக் குழு 11 பேர் வரிசையாக நிற்கும் படம் ஒன்று. முதல் கட்டுப் பிரதிகள் போன பிறகு குழுவுக்குள் தகராறு, ஒருவரைத் தள்ளிவைத்துவிட்டார்கள். இரண்டாவது கட்டில் அவர் இருக்கக் கூடாது என்றார்கள். டிடிபி பையன் ஆளை எடுத்துவிட்டு, பின்னால் இருந்த மதிலை இழுத்து மூடினான். "இடமிருந்து வலம்" வரிசையை நான் திருத்தினேன். புரூஃப் தாளை வெளிச்சத்தில் பார்த்தபோது, பக்கத்தில் நின்றவர் தோளில் நாலு விரல் மட்டும் இருந்தது. எடுக்கப்பட்டவரின் கை. நான்தான் கண்டுபிடித்தேன், வேறு யாரும் பார்க்கவில்லை. வட்டம் போட்டுக் கொடுத்தேன். முதலாளி "உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்றார். அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். உறுத்தவே இல்லை. இந்த நாவலைப் படிக்கும்வரை அது ஞாபகத்துக்குக்கூட வரவில்லை.

ஆகவே கேள்வி: அந்தப் பெண் சொன்னது சரியா? வின்ஸ்டன் எதிர்த்தாரா? அவர் இல்லையென்றால் அந்த நாவலில் எதிர்த்தவர் என்று யாரைச் சொல்வீர்கள்? எத்தனை தடவை படித்தவர்களாக இருந்தாலும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

ஓரம்போ

அண்ணாச்சி, அந்தப் பொண்ணு நம்ம ஊர் அளவுகோலை எடுத்துக்கொண்டு லண்டனை அளக்கிறாள் என்று நினைக்கிறேன். ஊர்வலம், துண்டுப் பிரசுரம், மறியல், இவைதான் எதிர்ப்பு என்றால் வின்ஸ்டன் செய்தது பூஜ்யம்தான். ஆனால் ஓஷியானியாவில் டைரி எழுதத் தொடங்குவதற்கே என்ன தண்டனை தெரியுமா? மரணம், அல்லது குறைந்தது 25 வருஷம் முகாம். இத்தனைக்கும் அது சட்டவிரோதம் இல்லை. சட்டம் என்ற ஒன்றே கிடையாது, அதனால் எதுவுமே சட்டவிரோதம் இல்லை. எனக்கு முதுகுத்தண்டில் சில்லிட்ட இடம் அது. சட்டம் இருந்தால் அதற்கு இந்தப் பக்கம் நிற்கலாம். கோடே போடாதவன் ஊரில் எங்கே போய் நிற்பது?

அவர்களுக்குக் கீழ்ப்படிதல் போதாது. ஓ'பிரையனே அதைச் சொல்கிறான். பழைய கொடுங்கோலர்கள் எதிரியைக் கொன்று தியாகி ஆக்கினார்கள், நாங்கள் அந்தத் தப்பைச் செய்யமாட்டோம், முதலில் உன்னை மாற்றுவோம், அப்புறம்தான் சுடுவோம் என்கிறான். அதிகாரம் எதற்கு என்று கேட்டால் அதிகாரத்துக்காகத்தான் என்கிறான். மக்கள் நலம், புரட்சி என்ற சாக்குகூட இல்லை. அப்படிப்பட்டவர்கள் முன்னால், நாலு விரலைக் காட்டி ஐந்து என்று சொல்லச் சொல்லும்போது, வலி ஏற ஏற ஒரு மனிதன் நாலு, நாலு என்று கத்துகிறான். இதற்கு மேல் என்ன செயல் வேண்டும்?

இன்னொன்று. சிறையில் அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார், செய்யாததையும் சேர்த்து. ஆனால் காதலியைப் பற்றி, "ஜூலியாவை நான் காட்டிக்கொடுக்கவில்லை" என்கிறார். ஓ'பிரையனும் ஆமாம் என்று ஒத்துக்கொள்கிறான். அவளைப் பற்றிய தகவல் அத்தனையும் கொடுத்தாயிற்று, ஆனால் அவள்மேல் இருந்த அன்பு போகவில்லை. அவரவர் மிகவும் அஞ்சுவதை வைத்து வதைக்கும் 101ஆம் அறையில் எலிக்கூண்டு முகத்துக்கு வரும்வரை அது போகவில்லை. அத்தனை நாள் அடி, பசி, மின்சாரத்துக்கு நடுவில் ஒரே ஒரு பொருளைக் கையில் பொத்தி வைத்திருந்தார். அதை நான் எதிர்ப்பு என்பேன். தோற்ற எதிர்ப்பு, சரி. தோற்றதால் இல்லாமல் போய்விடுமா?

உங்கள் மலர் விஷயத்தில் ரொம்ப மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். கோயில் கமிட்டி ஒன்றும் கட்சி இல்லை.

ராத்திரி டூட்டி

நான் நர்ஸ். வார்டு அமைதியாக இருக்கும் 3 மணிக்குப் படித்த புத்தகம் இது, அதனால் கொஞ்சம் கோபமாகவே படித்தேன்.

தம்பி ஓரம்போ, நீங்கள் அந்த அமில வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். ஓ'பிரையன் வீட்டில் ஒயின் ஊற்றிக் கொடுத்துக் கேட்கிறானே: கொலை செய்வீர்களா, நூற்றுக்கணக்கான அப்பாவிகள் சாகக்கூடிய நாசவேலை செய்வீர்களா, குழந்தைகளின் மனத்தைக் கெடுப்பீர்களா, போதைப்பொருள் விற்பீர்களா? எல்லாவற்றுக்கும் வின்ஸ்டன் "ஆம்". ஒரு குழந்தையின் முகத்தில் கந்தக அமிலம் ஊற்ற வேண்டியிருந்தால்? அதற்கும் "ஆம்". நான் தீக்காய வார்டில் வேலை பார்த்தவள். அந்த "ஆம்" வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு ரவுண்டு போய்வந்தேன். பின்னால் சித்திரவதை நடக்கும்போது, கட்சியைவிட நான் ஒழுக்கத்தில் உயர்ந்தவன் என்று அவர் நினைக்கிறார். உடனே ஓ'பிரையன் அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுகிறான். அந்த இடத்தில் எனக்கு ஓ'பிரையன் பக்கம்தான் நியாயம் இருந்தது, சொல்லவே கூசுகிறது.

நீங்கள் இருவரும் ஒருவேளை சோற்றுக்குக்கூட ஜூலியாவைக் கூப்பிடவில்லை. அவளுக்கு வயது 26. வின்ஸ்டன் 39 வயதில் டைரியில் தத்துவம் எழுதிக்கொண்டிருக்கும்போது, அவள் கட்சியின் மேல்தட்டான உள்கட்சிக்காரர்கள் தின்னும் நிஜச் சர்க்கரை, வெள்ளை ரொட்டி, ஜாம், காபித்தூள் எல்லாம் கடத்திக்கொண்டு வருகிறாள். லண்டன் மேல் விழும் ராக்கெட் குண்டுகளை நம் அரசாங்கமே போடுகிறதோ என்னவோ என்று போகிறபோக்கில் சொல்கிறாள். வின்ஸ்டனுக்கு அது தோன்றியதே இல்லை. கோல்ட்ஸ்டைன் புத்தகத்தை அவர் படித்துக் காட்டினால் தூங்கிவிடுகிறாள். நானும் அந்தப் பகுதியில் தூங்கினேன். அந்த அமிலப் பட்டியலில், நீங்கள் இருவரும் பிரிந்து இனிப் பார்க்காமல் இருக்கச் சம்மதமா என்றபோது "முடியாது" என்று முதலில் வெடித்தவளும் அவள்தான். வின்ஸ்டன் வெகுநேரம் கழித்துத்தான் வாயைத் திறக்கிறார்.

ஆனால் சிவப்பு மை அண்ணாச்சியின் கணக்கில் அவளும் பாஸ் ஆகமாட்டாள். நாவல் எழுதும் இயந்திரத்தின் மோட்டாரைப் பழுதுபார்க்கிறாள், பாலியல் எதிர்ப்புச் சங்கத்துக்காக ஊர்வல வேலை எல்லாம் விழுந்து விழுந்து செய்கிறாள். வேஷம்தான் என்றாலும் கை செய்வது அதைத்தானே.

என் பதில் வேறு. டைரியின் முதல் பக்கத்தைத் திரும்பப் பாருங்கள். வின்ஸ்டன் சினிமாவுக்குப் போயிருக்கிறார். அகதிகள் படகின்மேல் குண்டு போடும் காட்சி. ஒரு தாய் மூன்று வயதுப் பையனைக் கையால் மூடிக்கொள்கிறாள், கை குண்டைத் தடுத்துவிடும் என்பதுபோல. கூட்டம் கைதட்டுகிறது. அப்போது ப்ரோல்கள், அதாவது கட்சியில் இல்லாத உழைப்பாளி மக்கள், உட்காரும் பகுதியில் ஒரு பெண் எழுந்து, குழந்தைகள் முன்னால் இதைக் காட்டக் கூடாது, இது நியாயமில்லை என்று கத்துகிறாள். போலீஸ் வெளியே தள்ளுகிறது. ப்ரோல்கள் பேசுவதை யார் மதிக்கிறார்கள் என்று வின்ஸ்டன் எழுதி முடித்துவிடுகிறார். நாவல் முழுக்கப் பொது இடத்தில், பத்துப் பேர் நடுவில், இது தப்பு என்று வாய்விட்டுச் சொன்னவள் அவள்தான் என்று நினைக்கிறேன். அவளுக்குப் பெயர்கூட இல்லை. டைரிக்காரர் அதே பக்கத்தில் அந்தப் படத்தை ரசித்தமாதிரிதான் எழுதியிருக்கிறார்.

பழைய புத்தகக்கடை

நல்ல கேள்வி சார். மூன்று துண்டுத் தகவல் தருகிறேன், எப்படி வேண்டுமானாலும் கோத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாலு விரல் கதையைப் படித்ததும் யெஷோவ் ஞாபகம் வந்தது. ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவர். மாஸ்கோ வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலின் பக்கத்தில் நிற்கும் படம் உண்டு. 1940இல் அவரையே சுட்டுக் கொன்றார்கள். பிறகு வந்த படத்தில் அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர்தான் இருக்கிறது. யாரோ ஒருவர் தூரிகையும் கையுமாக உட்கார்ந்து அலையை வரைந்திருக்கிறார். நானும் உங்களைப்போல அந்த ஓவியரைத்தான் யோசிப்பேன். கிள்ளிப் போட்டதுபோல ஒரு சம்பளம், "தண்ணி நல்லா வந்திருக்கு" என்று ஒரு பாராட்டு.

இரண்டாவது, பின்னிணைப்பு. பலரும் வின்ஸ்டன் பெரியண்ணனை நேசிக்கும் வரியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதற்கப்புறம், சிந்தனையைச் சுருக்கக் கட்சி உண்டாக்கிய புதுப்பேச்சு மொழியின் கோட்பாடுகள் என்று ஒரு கட்டுரை வருகிறது. அது முழுக்க இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. புதுப்பேச்சு ஓஷியானியாவின் ஆட்சிமொழியாக "இருந்தது". எழுதுகிறவர் வழக்கமான ஆங்கிலத்திலேயே நிதானமாக எழுதுகிறார். அப்படியானால் கட்சி என்ன ஆனது? இதைப் பெரிதாக்கி ஆனந்தப்படுகிறவர்களும் உண்டு, வெறும் எழுத்துமுறைதான் என்பவர்களும் உண்டு. நான் முதல் கோஷ்டி. 1949இல் அமெரிக்கப் புத்தக மன்றம் ஒன்று, பின்னிணைப்பையும் கோல்ட்ஸ்டைன் பகுதியையும் வெட்டினால் நூலைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றது. பெரிய பணம். காசநோயோடு படுக்கையில் கிடந்த ஆர்வெல் முடியாது என்றுவிட்டார். மன்றம் இறங்கிவந்து முழுதாகவே எடுத்துக்கொண்டது. திருத்தச் சொன்னதற்கு மறுத்த ஒரு கை, உங்கள் கணக்குக்கு.

மூன்றாவது அதே கையைப் பற்றியதுதான், கேட்க நன்றாக இருக்காது. அதே 1949இல், சானடோரியத்திலிருந்து, பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் ரகசியப் பிரசாரப் பிரிவுக்கு ஆர்வெல் ஒரு பட்டியல் அனுப்பினார். 38 பெயர்கள். கம்யூனிஸ்ட் சாய்வு உள்ளவர்கள், உங்களுக்காக எழுத இவர்களை நம்ப வேண்டாம் என்று. யாரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை, அது உண்மை. அவருடைய காரணமும் புரியாமல் இல்லை. ஸ்பெயினில் 1937இல் சோவியத் ஆதரவுக் கம்யூனிஸ்டுகள் அவருடைய தோழர்களை வேட்டையாடியதை நேரில் பார்த்தவர். இருந்தாலும் அந்த நாவலை எழுதியவர் அரசாங்கத்துக்குப் பெயர்ப் பட்டியல் கொடுத்தார் என்பதை நான் விழுங்கப் பல வருஷம் ஆனது. இன்னும் முழுசாக உள்ளே இறங்கவில்லை.

சிவப்பு மை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இரவு மூன்றாம் பாகத்தைத் திரும்பப் படித்தேன். தங்கச்சி சொன்ன அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போனதில் எனக்கும் இரண்டு பேர் கிடைத்தார்கள்.

ஒருவர் ஆம்பிள்ஃபோர்த். கவிஞர். வின்ஸ்டன் அலுவலகத்தில் பழைய கவிதைகளைக் கட்சிக்கு ஏற்றபடி மாற்றுகிறவர், அதாவது எங்கள் ஜாதி. சிறைக்குள் வருகிறார். என்ன குற்றம்? கிப்ளிங் கவிதையில் ஒரு வரிக்கடைசியில் "காட்" என்ற சொல்லை, கடவுளை, நீக்காமல் அப்படியே இருக்க விட்டுவிட்டார். வேண்டுமென்று இல்லை, வேறு வழியில்லை என்கிறார். அதோடு இயையும் சொல் "ராட்", அதற்கு இயைந்து வரும் சொல் மொத்த மொழியிலேயே 12தான், எதுவும் பொருந்தவில்லை. பல நாள் மண்டையை உடைத்துப் பார்த்தாராம். இதைச் சொல்லும்போது அந்தச் சிறையிலும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வருகிறது. நம் ஊர்ப் புலவராக இருந்திருந்தால் வரிக்கடைசி இயைபை விட்டுவிட்டு எதுகையில் சமாளித்துத் தப்பித்திருப்பார், பாவம். ஆனால் பாருங்கள், உண்மை அமைச்சகத்தில் நமக்குத் தெரிய ஒரே ஒரு திருத்தம்தான் திருத்தப்படாமல் போகிறது. அதைச் செய்தவருக்கு அரசியல் கிடையாது, சகோதரத்துவ இயக்கம் கிடையாது. வரி கெட்டுப்போகுமே என்ற தொழில் வருத்தம் மட்டும்தான். வின்ஸ்டனுக்கும் தொழில் பெருமை இருந்தது. அது அவரைப் பொய்யை ஒழுங்காகச் செய்ய வைத்தது. இவரை அது ஒரு சொல்லைத் தொடவிடாமல் செய்தது. எனக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு என்று புரியவில்லை. நான் எந்தப் பக்கம் என்று மட்டும் புரிகிறது.

இன்னொருவர் மோவாய் இல்லாத ஒரு குண்டு மனிதர். பம்ஸ்டெட், எண் 2713. அதே கொட்டடியில் பசியால் மண்டையோடு மாதிரி ஆகிவிட்ட ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்கள். எல்லோருக்கும் புரிகிறது, இந்த ஆள் பட்டினியில் செத்துக்கொண்டிருக்கிறார். எல்லோரும் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்கள், வின்ஸ்டனும்தான். பம்ஸ்டெட் கொஞ்சநேரம் நெளிகிறார். அப்புறம் எழுந்து தள்ளாடிப் போய், பையில் துழாவி, வெட்கப்பட்டுக்கொண்டே ஓர் அழுக்கு ரொட்டித் துண்டை நீட்டுகிறார். சுவரிலிருந்து வேவு பார்க்கும் டெலிஸ்க்ரீன் கர்ஜிக்கிறது, ரொட்டியைக் கீழே போடு என்று. போட்டுவிடுகிறார். அப்புறம் காவலாளி முகத்தில் விட்ட குத்தில் ரத்தத்தோடு பல்செட் இரண்டு துண்டாக வந்து விழுகிறது.

ஒரு பக்கம்கூட இருக்காது. முதல் தடவை படித்தபோது வேகமாகத் தாண்டிவிட்டேன், 101ஆம் அறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அவசரம். மாதக் கணக்காக டைரி, ரகசிய இயக்கம், ரகசியப் புத்தகம் என்று ஓடிக்கொண்டிருந்த வின்ஸ்டன் ரொட்டிக்கு ஏங்கிக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். சின்ன வயதில் சாகக் கிடந்த தங்கச்சி கையிலிருந்த சாக்லேட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தான். அப்போது அம்மா செய்யக்கூடியது எதுவும் இல்லாததால் அந்தக் குழந்தையைக் கையால் அணைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணிடம் பம்ஸ்டெட் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.

ஓரம்போ

அண்ணாச்சி, அடுத்த பக்கத்தையும் படியுங்கள். அந்த மண்டையோட்டு ஆளை 101க்குக் கூப்பிட்டதும் என்ன செய்கிறார்? என் பெண்டாட்டி பிள்ளைகள் கழுத்தை அறுங்கள், நின்று பார்க்கிறேன், என்னை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள் என்கிறார். மூன்று பிள்ளைகள், மூத்ததற்கு 6 வயதுகூட இல்லை. அதோடு விடவில்லை. அடிபட்டுக் கிடக்கும் பம்ஸ்டெட்டைக் காட்டி, அவனைத்தான் கொண்டுபோக வேண்டும், அடிவாங்கியபின் அவன் என்ன பேசினான் என்று உங்களுக்குத் தெரியாது, நான் சொல்கிறேன் என்கிறார். ரொட்டி நீட்டியவனையே காட்டிக்கொடுக்கிறார். அந்த ரொட்டியும் யார் வாயிலும் போகவில்லை. இதையா எதிர்ப்பு என்று அந்தப் பொண்ணிடம் கொண்டுபோகப் போகிறீர்கள்? அவள் உங்களைக் கிழித்துவிடுவாள்.

சிவப்பு மை

படித்தேன் தம்பி. கிழிக்கட்டும். ரொட்டியைத் தின்றாரா என்பது வேறு, நீட்டினார் என்பது வேறு. அந்த இரண்டு வரிக்கு நடுவில் நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

வின்ஸ்டனிடம் ஒரு படம் கிடைக்கிறதே, மூன்று பழைய தலைவர்கள் குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்ட நாளில் நியூயார்க்கில் இருந்ததற்குச் சாட்சியான பத்திரிகைத் துண்டு. பத்து நிமிஷம் மேசையில் வைத்திருந்துவிட்டு நினைவுக் குழியில் போட்டுவிடுவார். இன்றைக்காக இருந்தால் வைத்திருப்பேனோ என்று பின்னால் நினைப்பார். அதைப் படித்ததும் நேற்று பரணில் ஏறினேன். புரூஃப் தாள்களை எரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, பின்பக்கம் கணக்கெழுத ஆகும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். மூன்று சாக்கு. எலி தின்றது போக மிச்சத்தில் அந்த மலரின் கட்டு இருந்தது.

நாலு விரல் அப்படியே இருக்கிறது. மோதிரம் ஒன்று போட்டிருந்திருக்கிறார், அன்று கவனிக்கவில்லை. சுற்றிச் சிவப்பில் என் வட்டம், ஓரத்தில் "கை உள்ளது. எடுக்கவும்" என்று என் எழுத்து, கீழே இனிஷியல், தேதி. பின்பக்கம் பால் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடு அதையும் எடுத்துப் போகிறேன்.